ஃபார் லூப்பை எந்தக் கட்டத்தில் உடைப்பது? ஜாவாசி, ரஸ்ட்சி, கிளாங் – ஓர் ஒப்பீடு

கோடைப் படிக்கும் பார்சர், அதன் அமைப்பைக் காட்டும் மரத்தைக் கட்டி முடித்துவிட்டது, கோட் ஜெனரேட்டர் இன்னும் தொடங்கவில்லை. கம்பைலரின் இந்த நடுக்கட்டத்தில்தான் நாம் வசதிக்காக எழுதும் வாக்கியங்கள் அவிழ்க்கப்படுகின்றன. ஃபார்-ஈச் லூப் சாதாரண லூப்பாகிறது. லாம்டா, பெயருள்ள ஒரு மெத்தடாகிறது. ஸ்ட்ரிங்கை வைத்து எழுதிய ஸ்விட்ச், எண்ணை வைத்து எழுதிய ஸ்விட்சாகிறது. இதை லோவரிங் என்றும் டீசுகரிங் என்றும் சொல்வார்கள்.

எதை எதாக மாற்றுவது என்பதில் கம்பைலர்களுக்குள் பெரிய சண்டை கிடையாது. கருத்து பிரிவது இரண்டு கேள்விகளில். மதிப்புகளின் வகைகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் டைப் செக்கிங்குக்கு முன்னால் மாற்றுவதா, பின்னால் மாற்றுவதா? மாற்றிய பிறகு, புரோகிராமர் எழுதிய பழைய மரம் மிஞ்ச வேண்டுமா? ஜாவாவின் ஜாவாசி, ரஸ்டின் ரஸ்ட்சி, சி++ உலகின் கிளாங் மூன்றும் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டைப் செக்கிங் முடியும்வரை எழுதியவரின் மரத்தில் கை வைக்கக் கூடாது. முன்னாலேயே வைத்தாக வேண்டும் என்றால், அதற்கான விலை தெரிந்து வைக்க வேண்டும்.

ஜாவாசி: பழைய மரத்தின் மேலேயே எழுதுவது

ஜாவாசியில் டைப் சரிபார்ப்பு முடிந்து, கோட் ஓடக்கூடிய பாதைகளைப் பார்க்கும் ஃப்ளோ அலசல் முடிந்து, அப்புறம்தான் டீசுகர். அந்தக் கட்டத்துக்கு வரும்போது மரத்தின் ஒவ்வொரு கணுவின் (நோடின்) டைப்பும் கையில் இருக்கும். அதனால் ஃபார்-ஈச் லூப்பை ஒரே அச்சில் வார்க்க வேண்டியதில்லை. அரே என்றால், அரே, அதன் நீளம், ஒரு இன்டெக்ஸ் மூன்றையும் தற்காலிக வேரியபிள்களில் வைத்துக்கொண்டு 0-இலிருந்து எண்ணிப்போகும் லூப்பாக்குகிறது. லிஸ்ட் போன்ற இட்டரபிள் என்றால், இட்டரேட்டரை வாங்கி, அடுத்தது இருக்கிறதா என்று கேட்டு ஒவ்வொன்றாக எடுக்கிறது.

ஸ்ட்ரிங் ஸ்விட்ச் இதைவிட அழகு. 2011-இல் ஜாவா 7-உடன் வந்த வசதி இது. நாம் எழுதும் ஒரு ஸ்விட்ச் இரண்டாக உடைகிறது. முதல் ஸ்விட்ச், ஸ்ட்ரிங்கின் ஹாஷ்கோடை (அதன் எழுத்துகளிலிருந்து கணக்கிடும் எண்ணை) வைத்துப் பிரித்து, உள்ளே ஈக்வல்ஸ் சோதனையால் உறுதிசெய்து, அந்த கேஸ் எத்தனையாவது என்பதை ஒரு தற்காலிக வேரியபிளில் போடுகிறது. இரண்டாவது ஸ்விட்ச் அந்த எண்ணைப் பார்த்து நாம் எழுதிய பாடிகளை ஓட்டுகிறது.

ஹாஷ்கோட் பார்த்த பிறகு ஈக்வல்ஸ் எதற்கு? தமிழிலேயே பார்க்கலாம். ‘அழ’, ‘ஆக’ இரண்டையும் கேஸாக எழுதுங்கள். யூனிகோடில் அ 2949, ழ 2996. ஆ 2950, க 2965. இரண்டெழுத்து ஸ்ட்ரிங்குக்கு ஜாவாவின் ஹாஷ்கோட் என்பது முதல் எழுத்தை 31-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுவதுதான். இரண்டுக்கும் 94415 வருகிறது. ஆகவே உடைத்த மரத்தின் முதல் ஸ்விட்சில் 94415 என்ற ஒரே கேஸும் அதற்குள் இரண்டு ஈக்வல்ஸ் சோதனைகளும் இருக்கும். பாடியையும் அங்கேயே வைத்துவிட்டால் என்ன? பிரேக் போடாமல் அடுத்த கேஸுக்குள் விழும்படி எழுதிய கோட் கெட்டுப்போகும். ஹாஷ்கோடின்படி பிரித்த பிறகு நாம் எழுதிய வரிசை அங்கே இல்லையே. அந்த வரிசையைக் காப்பாற்றத்தான் இரண்டாவது ஸ்விட்ச்.

இவ்வளவும் சரி. ஆனால் ஜாவாசியின் ட்ரீ ட்ரான்ஸ்லேட்டர் மரத்தில் இறங்கிப்போய், பழைய கணு இருந்த இடத்திலேயே புதியதை எழுதிவிடுகிறது. மெமரி மிச்சமாகிறது, வேகமும் கிடைக்கிறது. பதிலுக்கு, டீசுகர் முடிந்த கிளாஸின் மரத்தில் ஜெனரிக்ஸ் இல்லை, லாம்டா இல்லை, ஃபார்-ஈச் இல்லை. ஜாவாசி வழக்கமாக எல்லா கிளாஸ்களையும் ஒரே சீராக நகர்த்துவதில்லை. ஒன்றை எடுத்து பைட்கோட் வரை கொண்டுபோய்விட்டு அடுத்ததைத் தொடுகிறது. இங்கேதான் சிக்கல். டீசுகரின்போது ஜெனரிக்ஸை நீக்கும் டைப் அழிப்பு, ஃப்ளோ அலசலுக்குத் தேவையான தகவலைச் சிதைத்துவிடும் என்று ஜாவாசியின் சோர்ஸிலேயே கமென்ட் இருக்கிறது. அதனால் ஒரு கிளாஸை உடைக்கும் முன், அதன் சூப்பர்கிளாஸ்கள் ஃப்ளோவைத் தாண்டியாயிற்றா என்று பார்த்து, தாண்டாதவற்றை முதலில் அனுப்ப ஒரு தனி ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது. கூகுளின் எரர் ப்ரோன், ஜாவாசிக்குள் செருகி ஓடி கோடில் பிழை தேடும் கருவி. அதை நிறுவும்போது கம்பைல் பாலிசியை ‘சிம்பிள்’ என்று வைக்கச் சொல்வார்கள். எல்லா கிளாஸையும் சரிபார்த்து முடித்த பிறகே உடைப்பைத் தொடங்கு என்பது அதன் பொருள். உடைந்த மரத்தில் பிழை தேடுவதில் பயனில்லை.

ரஸ்ட்சி: முதலில் சுருக்கு, அப்புறம் சரிபார்

ரஸ்ட்சியில் எல்லாம் தலைகீழ். மேக்ரோக்களை விரித்து, பெயர்கள் எதைச் சுட்டுகின்றன என்று கண்டுபிடித்ததும், ஹெச்ஐஆர் என்று வேறொரு மரத்தைப் புதிதாகக் கட்டுகிறது. டைப் செக்கிங் நடப்பது அந்தப் புது மரத்தில். அங்கே ஃபார் லூப் என்று ஒன்று கிடையாது. இட்டரேட்டராக மாற்றும் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, முடிவில்லாத லூப்புக்குள் அடுத்ததைக் கேட்டு, எதுவும் வராவிட்டால் பிரேக், வந்தால் பாடி என்று ஒரு மேட்ச் (மதிப்பின் வடிவத்தைப் பார்த்துக் கிளை பிரிக்கும் ரஸ்டின் வாக்கியம்). ஒயில் லூப், கேள்விக்குறி ஆபரேட்டர், அவெய்ட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

லாபம் கண்கூடு. டைப் செக்கருக்கும் அதன் பிறகு வருபவற்றுக்கும் தெரிய வேண்டிய கணு வகைகள் குறைகின்றன. நஷ்டம் இரண்டு. முதலாவது, உடைக்கும்போது டைப் தெரியாது. அரேயோ வெக்டரோ எதுவானாலும் ஒரே அச்சு, மீதியை ஆப்டிமைசர் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதுதான் பெரியது: பிழை கண்டுபிடிக்கப்படுவது எழுதியவர் பார்த்திராத கோடில். 5 என்ற வெறும் எண்ணின் மேல் ஃபார் லூப் ஓட்டிப் பாருங்கள். இது இட்டரேட்டர் இல்லை என்று ரஸ்ட்சி தெளிவாகத்தான் சொல்லும். 0 முதல் 5 வரை என்பது போல ரேஞ்ச் வேண்டுமா என்றுகூடக் கேட்கும். கூடவே, இன்டு-இட்டரேட்டர் என்ற ட்ரெய்ட்டுக்காக (ஒரு டைப் என்ன செய்ய வல்லது என்ற ஒப்பந்தத்துக்காக) அது தேவைப்பட்டது என்று ஒரு வரி வரும். அந்தப் பெயரை நாம் எழுதவே இல்லை. உடைப்பில் முளைத்தது அது. மெசேஜ் இவ்வளவு நன்றாக இருப்பது தானாக நடந்ததும் இல்லை. உடைப்பில் பிறக்கும் ஒவ்வொரு கணுவும் தான் ஃபார் லூப்பிலிருந்து வந்ததா, கேள்விக்குறியிலிருந்து வந்ததா என்ற முத்திரையைச் சுமக்கிறது. எரர் எழுதும் கோட் அந்த முத்திரையைப் பார்த்துப் பேசுகிறது.

எவ்வளவு தூரம் சுருக்கலாம் என்பதற்கு ரஸ்ட்சியின் வரலாறே நல்ல பாடம். 2019-இல் இஃப் கணுவையே ஹெச்ஐஆரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ட்ரூவா இல்லையா என்று பார்க்கும் மேட்ச்தானே இஃப்? கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இரண்டும் அச்சு அசல் ஒன்றல்ல. இஃப் கண்டிஷனில் பிறக்கும் தற்காலிக மதிப்புகள் பாடிக்குள் நுழையும் முன்பே அழிந்துவிடும். மேட்சில் அவை கடைசிவரை உயிரோடிருக்கும். ஒரு மியூட்டெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் மதிப்பைத் தொடவிடும் பூட்டை) பூட்டி, உள்ளிருக்கும் மதிப்பைக் கண்டிஷனாக வைத்து, பாடிக்குள் அதே மியூட்டெக்ஸை மறுபடி பூட்டும் கோடை நினைத்துப் பாருங்கள். இஃப் என்றால் ஓடும். மேட்ச் என்றால் மாட்டிக்கொள்ளும். இந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற, ‘தற்காலிகங்களை இங்கேயே கைவிடு’ என்று சொல்வதற்கென்றே புதிதாக ஒரு கணு வகையைச் சேர்த்தார்கள். ஒரு கணுவைக் குறைக்கப்போய் இன்னொன்று நுழைந்தது. 2021-இல் இஃப் திரும்ப வந்தது. அதே ஆண்டில் இஃப்-லெட்டும் மேட்சாக உடைவதை நிறுத்திக்கொண்டு தனக்கென்று ஒரு கணுவைப் பெற்றது.

கிளிப்பியின் நிலைமையையும் பாருங்கள். ரஸ்ட் கோடுக்கு யோசனை சொல்லும் அந்தக் கருவியின் பெரும்பாலான சோதனைகள் ஹெச்ஐஆரில்தான் ஓடுகின்றன. எழுதியவர் ஃபார் லூப் எழுதினாரா என்று தெரிய, உடைந்த லூப்பையும் மேட்சையும் பார்த்து மூலத்தைத் திரும்ப ஊகிக்கும் ஃபங்ஷன்களை அது வைத்திருக்கிறது. கம்பைலர் அழித்ததைக் கருவி மறுபடி ஒட்டவைக்கிறது.

கிளாங்: இரண்டையும் வைத்துக்கொள்வது

கிளாங், கட்டிய மரத்தைப் பொதுவாக மாற்றுவதில்லை. ரேஞ்ச் ஃபார் கணுவுக்குள் நாம் எழுதிய வடிவமும் இருக்கும், உடைத்த வடிவமும் இருக்கும்: ரேஞ்ச், பிகின், எண்ட் என்ற மூன்று மறைவான டிக்ளரேஷன்கள், கண்டிஷன், நகர்த்தும் பகுதி எல்லாம். ஏஎஸ்டி டம்ப் எடுத்தால், அதாவது மரத்தை எழுத்தாக அச்சிட்டால், கண்ணால் பார்க்கலாம். டெம்ப்ளேட்டுக்குள் எழுதியிருந்தால் ரேஞ்சின் டைப் இன்னும் தெரியாது. பிகினும் எண்டும் காலியாகவே கிடக்கும். டெம்ப்ளேட்டுக்கு டைப் கிடைத்ததும் மரம் புதிதாகக் கட்டப்படுகிறது; அப்போது இடம் நிரம்பும்.

கோடைச் சோதித்துத் திருத்தம் சொல்லும் கிளாங்-டைடி என்ற கருவியில், பழைய ஃபார் லூப்பை ரேஞ்ச் ஃபாராக மாற்றித்தரும் வசதி எழுத முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். ஆனால் இரண்டு வடிவமும் ஒரே மரத்தில் இருந்தால், மரத்தில் நடப்பவர் ஒவ்வொருவரும் எதைப் பார்க்கிறோம் என்று முடிவுசெய்ய வேண்டும். நாம் எழுதாத, கம்பைலரே சேர்க்கும் டைப் மாற்றங்களான இம்ப்ளிசிட் காஸ்ட் கணுக்களில் தடுக்கி விழுந்தவர்கள் ஏராளம். சோர்ஸில் எழுதியதை மட்டும் காட்டு என்று, மரத்தில் வடிவங்களைத் தேடும் மேட்சர்களுக்கு ஒரு தனி முறையே பின்னால் சேர்க்கப்பட்டது. கோட் ஜெனரேட்டரின் சுமையும் கூடுகிறது, ஏனென்றால் அதற்கு முன்னால் மரத்தை எளிமையாக்கித்தரும் தனிக் கட்டம் கிடையாது. கிளாங்ஐஆர் என்ற முயற்சி அந்த நடுப்படியைச் சேர்க்கத்தான் பார்க்கிறது.

சொந்த மொழி எழுதுபவர் எதை எடுப்பது?

மூன்றையும் அப்படியே எடுக்க வேண்டாம். ஜாவாசியின் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் டைப், பிறகு உடைப்பு. ரஸ்ட்சியிடமிருந்து தனி மரம் என்ற யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். சி# கம்பைலர் ரோஸ்லின் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது: எழுதிய மரம் மாறாமல் நிற்கிறது, டைப் தெரிந்த இன்னொரு மரம் உருவாகிறது, லோவரிங் அதன் மேல் நடக்கிறது. ஹாஸ்கெலின் ஜிஹெச்சியும் நெடுங்காலம் எழுதிய மரத்திலேயே டைப் பார்த்துவிட்டு, கோர் என்ற மிகச் சிறிய மொழிக்கு இறக்கி வந்தது. டைப் செக்கருக்கு வேலை கூடும் என்பது உண்மைதான், அங்கே ஃபார் லூப்புக்கும் ஒயிலுக்கும் தனித்தனியே விதி எழுத வேண்டும். இன்று எழுதும் அந்த விதிகளைவிட, எரர் மெசேஜைச் சரிசெய்ய நாளை ஒட்டும் முத்திரைகள் அதிக வேலை வாங்கும் என்பது என் கணிப்பு. டைப் செக்கிங்கே இல்லாத சின்ன மொழி என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, பார்சரிலேயே உடைத்துவிடலாம்.

எந்த வழியில் போனாலும் ஒன்றை முதல் நாளே செய்துவிடுங்கள்: புதிய கணுவைக் கட்டும் ஃபங்ஷன் ஒவ்வொன்றும், எந்த மூலக் கணுவிலிருந்து வந்தது என்பதைக் கட்டாய ஆர்குமென்டாகக் கேட்கட்டும். இதைப் பின்னால் சேர்க்கப்போனால் லோவரிங் கோடில் கணு பிறக்கும் எல்லா இடத்தையும் தேடித் திருத்த வேண்டியிருக்கும்; விட்டுப்போன இடங்களில் டீபக்கர் வரி எண் 0 என்று காட்டிக்கொண்டு நிற்கும்.