பாம்பெய்யா ஹெர்குலேனியமா? ஒரே நாள்தான் இருக்குன்னா எங்க போறது

இத்தாலியில நேப்பிள்ஸ்ல தங்கியிருக்கீங்க, இடிபாடு பாக்க ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும்னா என் ஓட்டு ஹெர்குலேனியத்துக்கு. ரெண்டையும் பாத்துட்டுத்தான் சொல்றேன், ஆனா நான் போனது நல்ல வெயில் காலத்துல, குளிர்காலத்துல போனவங்க வேற மாதிரி சொல்லலாம்.

பொதுவான விஷயத்த சீக்கிரம் முடிச்சிடுறேன். ரெண்டுமே கி.பி. 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்போ புதைஞ்ச ரோமானிய ஊருங்க, ரெண்டுக்கும் ஒரே லோக்கல் ரயில்தான், ஹெர்குலேனியத்துக்கு எறங்குற ஸ்டேஷன் எர்கொலானோ ஸ்காவி முதல்ல வரும், பாம்பெய் இன்னும் தள்ளி. ரயில்ல கூட்டம் அள்ளும், பர்ஸ முன்பாக்கெட்ல வைங்க. பாம்பெய்ல இப்போ ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல விடுறதில்ல, டிக்கெட்ல பேரும் போடுறாங்க, அதனால முன்னாடியே எடுத்துடுங்க.

என் முடிவுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு, கூரை.

பாம்பெய் மேல மணிக்கணக்கா நுரைக்கல் (எரிமலை கக்குற ஓட்டை ஓட்டையான லேசான கல்லு) மழையா கொட்டுச்சு, அந்தப் பாரம் தாங்காம கூரையெல்லாம் உள்ள விழுந்துடுச்சு. அதனால இன்னிக்கு அங்க பெரும்பாலான வீட்டுக்குள்ள நுழைஞ்சா நாலு சுவரு, மேல வானம், அவ்ளோதான். ஹெர்குலேனியத்துல கல் மழை ரொம்பக் கம்மி, அன்னிக்குக் காத்து வேற பக்கம் அடிச்சுது. ஆனா அப்புறம் மலையிலேர்ந்து கொதிக்கிற வாயுவும் சாம்பலும் அலை அலையா எறங்கி ஊரயே 20 மீட்டர் ஆழத்துல மூடி பாறையா இறுகிடுச்சு. காத்துப் போக வழியில்லாததால மரமெல்லாம் எரிஞ்சு சாம்பலாகாம கரியாவே நின்னுடுச்சு. அதனாலதான் உத்தரம், நிலைப்படி, மாடி எல்லாம் இன்னும் இருக்கு. ஒரு வீட்ல கூடத்தையும் உள் அறையையும் பிரிக்கிற மடக்குத் தடுப்பு அப்படியே நிக்குது, ஒரு கடையில ஜாடி அடுக்குற மர ஸ்டாண்டு பரண்ல இருக்கிற மாதிரி கெடக்கு. எனக்கு ரொம்பப் புடிச்சது கசா அ கிராத்திச்சியோ, மரச்சட்டம் அடிச்சு நடுவுல கல்லும் சாந்தும் ரொப்பிக் கட்டின மலிவான வீடு, தெருவப் பாத்து ஒரு பால்கனி வேற. பணக்காரன் வீட்டு பளிங்கு எங்கயும் கெடைக்கும், சாதாரண சனம் மாடியில எப்படி நெருக்கியடிச்சு இருந்துச்சுன்னு காட்டுற வீடு அபூர்வம்.

கூரை இருந்தா பராமரிப்புத் தொல்லையும் இருக்கும்ல. ஒழுகும், புறா கூடு கட்டும், புறா எச்சம் ஓவியத்த அரிக்கும். புறாவ விரட்ட வல்லூறு எல்லாம் பறக்க விட்டுப் பாத்திருக்காங்க. வேலை நடக்குதுன்னு சில வீடு பூட்டியே கெடக்கும், அதுக்கு மனச தயார் பண்ணிக்கோங்க. கூரையால நமக்கு இன்னொரு லாபம் நிழல், பாம்பெய்ல அதுக்கு அலையணும்.

பாம்பெய் ஜெயிக்கிற இடம் சைஸு. மொத்தம் 66 ஹெக்டேர், அதுல மூணுல ரெண்டு பங்கு தோண்டியாச்சு. ஃபோரம்ங்கிற ஊர்ச் சதுக்கம், அதுக்குப் பின்னாடி வெசுவியஸ், ஆம்பிதியேட்டர், தேர்ச்சக்கரம் தேச்ச தெருவு, இதெல்லாம் ஹெர்குலேனியத்துல கெடையாது, அங்க வெளிய தெரியுறதே 4-5 ஹெக்டேர்தான், மிச்சமெல்லாம் இப்போ ஆளுங்க குடியிருக்கிற எர்கொலானோவுக்கு அடியில. ஒரு முழு நகரத்துல நடக்கணும்னு ஆசைப்படுறவங்க பாம்பெய்க்கே போங்க, நான் தடுக்கல. வீல்சேர்ல பெரியவங்கள கூட்டிட்டுப் போன அனுபவம் எனக்கில்ல, ஆனா பாம்பெய்ல அதுக்குன்னே தனி ரூட் போட்டிருக்காங்க.

ஹெர்குலேனியம் சின்னதுங்கிறதால மதியத்துக்குள்ள முடிச்சிட்டு நேப்பிள்ஸ் தேசிய தொல்பொருள் மியூசியத்துக்குப் போயிடலாம். ரெண்டு ஊர்லயும் எடுத்த நல்ல ஓவியம், மொசைக் நிறைய அங்கதான் இருக்கு, 1938ல பாம்பெய்ல கெடச்ச இந்திய யானைத்தந்தப் பொம்மை உட்பட. செவ்வாய்க்கெழம மியூசியம் லீவு, அத மட்டும் பாத்துக்கோங்க.