நெல்வயல் டேட்டா பேங்க் சரிபார்ப்பு, கிராமசபை: ஒரு கடைமடைக்காரியின் அனுபவம்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வயல். ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவு தாண்டி, மூலத்தறையில் பிரிந்து வந்து கடைசியில் நனைக்கிற கடைமடை எங்களுடையது. தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி இந்தச் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. உண்டு. அதில் எங்கள் வரப்பு வரை எவ்வளவு வரும் என்பது மேலே இருக்கிற வயல் வயலாகவே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

கேரளத்தில் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. அப்போது வயலாக இருந்த சர்வே நம்பர்கள் எல்லாம் டேட்டா பேங்க் என்ற பதிவேட்டில் ஏறின. அதில் இருக்கிற நிலத்தில் இஷ்டத்துக்கு மண் போட்டு மேடாக்க முடியாது. தவறாகச் சேர்ந்துவிட்டது என்று நினைப்பவர் படிவம் 5 கொடுத்து நீக்கச் சொல்லலாம். முடிவு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்ட அதிகாரி) அல்லது அந்த அதிகாரம் பெற்ற துணை ஆட்சியர் கையில். அதற்கு முன் கிருஷி பவன் என்ற வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார், தேவைப்பட்டால் செயற்கைக்கோள் படமும் வாங்குவார்கள்.

போன வருடம் எங்கள் மேல் வயலை வாங்கியவர் இந்த மனுவைக் கொடுத்தார். பழைய படத்தில் அந்த இடம் பழுப்பாக, பறம்பு (மேட்டு நிலம்) போலத்தான் தெரிந்தது. நாங்கள் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, ஆபீசர் வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கரம் (நிலவரி) கட்டின ரசீதுகளோடு வரப்பில் போய் நின்றோம். வந்தவர் சின்ன வயது மலையாளிப் பெண். பொறுமையானவர். படத்தைக் காட்டி, "இதில் வயல் தெரியவில்லையே அம்மா" என்றார். என் மாமியாருக்கு 78 வயது. மெல்ல உட்கார்ந்து, கோரைப்புல்லை விலக்கி, புதைந்து கிடந்த மடைக்கல்லைக் கையால் துடைத்துக் காட்டினார். "தண்ணி வராத வருசம் தரிசாத்தான் கெடக்கும் கண்ணு. தரிசாக் கெடந்தா வயல் இல்லேன்னு ஆயிருமா?"

அந்தப் பெண் கல்லை போட்டோ எடுத்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலோடு கீழே எங்கள் வயல் வரை நடந்தார். மேலே மண் விழுந்தால் கீழே நாலு வயலுக்குத் தண்ணீர் நின்றுவிடும், நடுவில் இருக்கிற பொதுக்கிணற்றுக்கு ஊற்றும் குறையும் என்பதை நடக்க நடக்கச் சொன்னோம், எழுதிக்கொண்டார். நாலு மாதம் கழித்து மனு தள்ளுபடியானது. இந்த நேரடிப் பார்வைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். வரப்பில் ஆள் இல்லாமல் படத்தை மட்டும் பார்த்திருந்தால் முடிவு வேறு மாதிரி போயிருக்கலாம்.

கிராமசபையைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு மனது வரவில்லை. சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட வேண்டும், வார்டின் வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் இருக்க வேண்டும். எங்கள் வார்டில் வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம். தொழிலுறப்பு என்கிற ஊரக வேலை உறுதித் திட்ட வேலைக்குப் போகிற பெண்கள் எப்படி வருவார்கள்? நோட்டீஸ் மலையாளத்தில் மட்டும். ஆடு, வீடு, கழிப்பறை என்று பயனாளிப் பட்டியல் முதலில் வரும். கையெழுத்துப் போட்டவர்கள் கிளம்பிவிடுவார்கள். குளம் தூர்வாருவது, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று பேச்சு திரும்பும்போது இருபது பேர் மிச்சம் இருந்தால் அதிகம். சித்தூர் பிளாக் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சியது என்று அரசுக் கணக்கிலேயே பெயர் வாங்கியது. இங்கே தண்ணீரைக் கடைசியில் வைத்துப் பேசுவது எனக்கு ஆறவே இல்லை.

பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தை நினைத்துக்கொள்வேன். அங்கே பிளாச்சிமடையில், நிலத்தடி நீரை உறிஞ்சிய கோக்க கோலா ஆலையை எதிர்த்து 2002 ஏப்ரலில் தொடங்கிய போராட்டத்தில் முன்னால் நின்ற மயிலம்மா தமிழ் பேசிய ஆதிவாசிப் பெண். மறு வருடம் அந்தப் பஞ்சாயத்து ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. பஞ்சாயத்தின் ஒரு தீர்மானத்துக்கு எவ்வளவு கனம் உண்டு என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியாதது இல்லை.

தமிழ் நோட்டீஸ் கேட்டு நானே எழுதிக் கொடுத்தேன். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழர்கள் நிறைய இருக்கிற பகுதியில் உள்ளூர் ஆபீசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வாங்கலாம். பலருக்கு இது தெரியவில்லை. எனக்குத் தமிழில் பதில் வந்தது. நோட்டீஸ் இன்னும் வரவில்லை. இரண்டாவது மனு கொடுத்திருக்கிறேன்.

டேட்டா பேங்கில் உங்கள் நிலம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கப் போகிறவர்கள் சர்வே நம்பரையும் தண்டப்பேர் (நில வரிக் கணக்கு) நம்பரையும் எழுதி எடுத்துப் போங்கள். உங்களுடையதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மேல் வயலையும், வாய்க்கால் புறம்போக்கையும், குளத்தையும் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் ஊர்க் குளத்தின் ஒரு மூலை பதிவேட்டில் விட்டுப்போயிருந்ததை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அடுத்த கிராமசபையில் அந்த மூலையைப் பற்றிக் கேட்கப் போகிறேன். மாமியாரும் வருகிறேன் என்கிறார். குளத்தின் பழைய கலிங்கு எந்தப் பனைக்குக் கீழே இருந்தது என்று சொல்ல இப்போது அவர் ஒருத்தர்தான் இருக்கிறார்.