ஆர்எச் 199: ஐந்து நாளில் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வுக்குத் தயாராக முடியுமா?

ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற லினக்ஸ் நிர்வாகிச் சான்றிதழுக்கு வழக்கமான பாதை ஆர்எச் 124, ஆர்எச் 134 என்ற இரண்டு பயிற்சிகள். அந்த இரண்டையும் சுருக்கி ஒரே வாரத்தில் நடத்துவதுதான் ஆர்எச் 199 ரேபிட் டிராக். அந்தச் சான்றிதழுக்கான இஎக்ஸ் 200 தேர்வையும் சேர்த்து எடுத்தால் அது ஆர்எச் 200. தினமும் லினக்ஸ் கமாண்ட் லைனில் புழங்குகிறவர்களுக்கு இது அருமையான பயிற்சி. விஐஎம் எடிட்டரில் ஒரு ஃபைலைத் திறந்து சேவ் செய்யவே தயங்குகிறவர்கள் சேர வேண்டாம். யூசர், குரூப், பெர்மிஷன் எல்லாம் ஆரம்பத்திலேயே ஓட்டமாக ஓடி முடிந்துவிடும். அங்கே தடுக்கி விழுந்தால் எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிப்பது), எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) வரும்போது எழுந்திருக்கவே முடியாது.

பயிற்சியின் பலம் அதன் லேப். வொர்க்ஸ்டேஷன், சர்வர்-ஏ, சர்வர்-பி என்று மெஷின்கள் தயாராக இருக்கும். ‘லேப் ஸ்டார்ட்’ கொடுத்தால் அந்தப் பாடத்துக்கு வேண்டிய சூழல் அமையும். வேலையை முடித்து ‘லேப் கிரேட்’ கொடுத்தால் எது பாஸ், எது ஃபெயில் என்று வரிவரியாகக் காட்டும். இவ்வளவு நேர்மையான பயிற்சிக் கருவி வேறு பல சான்றிதழ்களுக்குக் கிடையாது.

ஆனால் கிரேட் பச்சை காட்டிவிட்டது என்று அடுத்த பாடத்துக்குத் தாவுவதுதான் பெரிய ஆபத்து. தேர்வில் மெஷின் ரீபூட் ஆன பிறகு எது நிற்கிறதோ அதற்குத்தான் மார்க். லேபில் ஒவ்வொரு பயிற்சியையும் முடித்ததும் நீங்களே ஒருமுறை ரீபூட் செய்து, அதன் பிறகு கிரேட் ஓட்டுங்கள். சர்வீஸை ஸ்டார்ட் செய்து எனேபிள் செய்யாமல் விட்டது, ஃபயர்வாலில் ‘பெர்மனன்ட்’ சேர்க்காமல் விட்டது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் ஃபைல் இதில் மோசமானது. ஒரு எழுத்துப் பிழை போதும், மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். பிறகு அந்த மெஷினில் செய்த எல்லா வேலைக்கும் மார்க் கேள்விக்குறிதான். ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்ணான யூயூஐடியை டைப் அடிக்காதீர்கள், பிஎல்கேஐடி கமாண்ட் கொடுப்பதைக் காப்பி செய்யுங்கள். ஃபைலைச் சேவ் செய்ததும் ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’, பிறகு ‘மவுண்ட் -ஏ’, அதன் பிறகே ரீபூட். ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடமான ஸ்வாப்பை ‘மவுண்ட் -ஏ’ தொடாது. அதற்குத் தனியாக ‘ஸ்வாப்ஆன் -ஏ’ கொடுத்துப் பார்க்க வேண்டும்.

எல்விஎம்-இல் பலர் கோட்டைவிடுவது சின்ன எல், பெரிய எல் விவகாரத்தில். எக்ஸ்டென்ட் (எல்விஎம் இடத்தை அளக்கும் துண்டு) அளவு 16 எம்பி, 50 எக்ஸ்டென்ட்டில் ஒரு வால்யூம் வேண்டும் என்றால், விஜி (வால்யூம் குரூப்) உருவாக்கும்போதே ‘-எஸ் 16எம்’ கொடுத்து, அதிலிருந்து எடுக்கும் எல்வியை (லாஜிக்கல் வால்யூம்) சின்ன எல் போட்டு 50 என்று உருவாக்க வேண்டும்: 800 எம்பி வரும். பெரிய எல் போட்டு 50 என்றால் அது 50 எம்பி என்று எடுத்துக்கொண்டு, எக்ஸ்டென்ட்டுக்கு ஏற்ப 64 எம்பியாக ஏற்றிக்கொள்ளும். எந்த எரரும் வராது, அதுதான் கொடுமை. ‘எல்விஎஸ்’ போட்டு அளவைக் கண்ணால் பாருங்கள். வால்யூமைப் பெருக்கும்போது ‘-ஆர்’ சேர்த்தால் ஃபைல் சிஸ்டமும் கூடவே வளரும். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தைப் பெருக்கலாம், சுருக்க முடியாது.

எஸ்இலினக்ஸ் பாடம் நன்றாகவே அமைந்திருக்கிறது. அப்பாச்சி வெப் சர்வரை 82-ஆம் போர்ட்டில் ஓட்டப் பார்த்தால் ‘பெர்மிஷன் டினைடு’ என்று சர்வீஸ் எழும்பாது. செமேனேஜ் கமாண்ட் கொண்டு அந்த டிசிபி போர்ட்டுக்கு அப்பாச்சியின் போர்ட் டைப்பைக் கொடுத்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, ஃபயர்வாலில் போர்ட்டைத் திறந்து ரீலோட் செய்ய வேண்டும். முழு கமாண்டையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மெஷினிலேயே இருக்கும் கையேடான மேன் பேஜில், செமேனேஜ்-போர்ட் பக்கத்தின் கடைசியில் இதே மாதிரி ஒரு உதாரணம் இருக்கிறது. தேர்வில் இன்டர்நெட் கிடையாது, மேன் பேஜ் உண்டு. எந்த மேன் பேஜில் உதாரணம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது பாதி வெற்றி. பயிற்சி நடக்கும்போதே கூகுளை மூடிவிட்டு இப்படிப் பழகுங்கள்.

கன்டெய்னர் என்பது ஒரு அப்ளிகேஷனைத் தனியாக அடைத்து ஓட்டும் முறை, அதை ஓட்டும் கருவி பாட்மேன். பாட்மேன் கன்டெய்னரைச் சாதாரண யூசரின் சர்வீஸாக ஓட்டும் பகுதியில் இரண்டு இடங்களில் சிக்கும். ‘எஸ்யூ’ கொடுத்து அந்த யூசராக மாறினால் யூசர் சர்வீஸ் கமாண்ட் ‘பஸ்’ என்ற உள் தொடர்புத் தடத்துடன் இணைய முடியவில்லை என்று திருப்பி அடிக்கும். எஸ்எஸ்எச் வழியாக லாகின் ஆக வேண்டும். இன்னொன்று லிங்கர்: அதை எனேபிள் செய்யாவிட்டால் ரீபூட் ஆன பிறகு, அந்த யூசர் லாகின் ஆகும்வரை கன்டெய்னர் எழாது. ரெட் ஹேட் லினக்ஸ் வெர்ஷனான ஆர்எச்இஎல் 10-க்கான தேர்வுப் பட்டியலில் கன்டெய்னர் இல்லை, ஃப்ளாட்பேக் என்ற அப்ளிகேஷன் பேக்கேஜ் முறை வந்துவிட்டது. பயிற்சியும் தேர்வும் ஒரே வெர்ஷன்தானா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

தேர்வு 3 மணி நேரம், 300-க்கு 210 எடுத்தால் பாஸ். பயிற்சி முடிந்த மறுநாளே தேர்வு என்று வைத்துக்கொள்வது சரியல்ல. இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். ரெட் ஹேட் டெவலப்பர் சந்தா தனிநபருக்கு இலவசம். அதில் இரண்டு வர்ச்சுவல் மெஷின் (விஎம்) போட்டு, ஒவ்வொன்றிலும் 10 ஜிபி அளவுக்கு ஒரு காலி டிஸ்க்கைச் சேர்த்து, மறந்துபோன ரூட் பாஸ்வேர்டை பூட் நேரத்தில் மாற்றுவதிலிருந்து தொடங்கிக் கடிகாரம் வைத்து முழுத்தேர்வாகவே செய்து பாருங்கள். அப்படிப் பாஸ்வேர்ட் மாற்றியதும், எஸ்இலினக்ஸ் லேபிளைத் திரும்பப் போடச் சொல்லும் ‘.ஆட்டோரீலேபல்’ ஃபைலை உருவாக்க மறந்தால் லாகின் ஆகவே முடியாது.

வீட்டிலிருந்தே எழுதுவதானால் ரெட் ஹேட் தரும் யூஎஸ்பி இமேஜில்தான் லேப்டாப்பை பூட் செய்ய வேண்டும், வயருள்ள தனி வெப்கேமும் தேவை. சில லேப்டாப்பில் அந்த இமேஜ் வைஃபையைக் கண்டுகொள்ளாது. தேதி குறிப்பதற்கு முன்பே பூட் செய்து பார்த்து, லேன் கேபிள் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.