லீவர் ஒயின் ஓப்பனர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆன்லைனில் ‘பிரீமியம்’ என்று போட்டு மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு விற்கும் லீவர் ஓப்பனர்களை நம்பி ஏமாற வேண்டாம். எனக்கு வந்தது சுத்த டுபாக்கூர்.

பாட்டில் கழுத்தை இரண்டு பிடிகளால் கவ்விக்கொண்டு, லீவரை ஒரு பக்கம் சாய்த்தால் சுருள்கம்பி கார்க்குக்குள் இறங்கும். திருப்பி இழுத்தால் கார்க்கோடு மேலே வரும். கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கினால்தான் இது நடக்கும். டெக்சாஸில் எண்ணெய்க் கிணற்றுச் சாதனங்கள் வடிவமைத்த ஹெர்பர்ட் ஆலன் தன்னுடைய ஸ்க்ரூபுல் ஓப்பனரின் கம்பிக்கு டெஃப்ளான் பூசியது இதற்காகத்தான். பூச்சு போனால் கார்க் பிய்யும்.

எனக்கு வந்த டப்பாவில் ஒட்டாத பூச்சு, முழுக்க ஸ்டீல், பத்து வருட வாரண்டி என்று எல்லாமே எழுதியிருந்தது. முதலில் ஒழுங்காகத்தான் திறந்தது. அப்புறம் ஒரு நாள் வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தபோது நாசிக் ரெட் ஒயின் ஒன்றைத் திறந்தால், பாதி கார்க் கம்பியோடு வந்தது, மீதி கழுத்திலேயே நின்றது. வந்த பாதியில் கறுப்புக் கறுப்பாகத் துகள். கம்பியைத் துடைத்துப் பார்த்தால் பூச்சு உரிந்து வெறும் இரும்பு பல்லிளித்தது. டீ வடிகட்டியில் வடித்துக் குடித்தோம். துகள் விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த பாட்டிலில் லீவர் மூட்டு படக்கென்று முறிந்தது. ஸ்டீல் என்றால் முதலில் வளைந்திருக்கும். இது முறிந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது: அச்சில் வார்த்த மலிவான உலோகம், மேலே பளபளா பூச்சு.

கஸ்டமர் கேரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “கம்பி தேய்மானப் பொருள் சார், வாரண்டியில் வராது.” சரி, லீவர்? “நீங்க ஓவரா அழுத்தியிருப்பீங்க.” லீவர் என்பதே அழுத்துவதற்குத்தானே! புதுக் கம்பி வேண்டுமானால் அறுநூறு ரூபாய் என்றார்கள். ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டதாம். அதற்குப் பிறகு மெசேஜுக்குப் பதிலே இல்லை.

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிநாட்டுச் சரக்குக்கு இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். இதில் அந்த இடமே காலி. வாங்கினால் முதலில் அதைப் பாருங்கள். அப்புறம், சுருளின் நடுவே ஒரு தீக்குச்சி நுழைகிறதா என்று பாருங்கள். நடுத்தண்டு உள்ள கம்பி பழைய கார்க்கைத் துளைத்து மாவாக்கிவிடும். உதிரிக் கம்பி தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

உண்மையில் வீட்டுக்கு இவ்வளவு பெரிய சாதனமே வேண்டாம். ஹோட்டல் வெயிட்டர்கள் பாக்கெட்டில் வைத்திருக்கும் மடக்கு ஓப்பனர், 1882-ல் கார்ல் வீன்கே என்ற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கியது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இப்போது அதுதான் என் கையில்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். முறிந்த லீவர், டப்பா, பில், சாட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. விற்றவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.