380 ரூபாய் மோட்டாரும் ஒன்றே கால் லட்ச எஸ்டிமேட்டும்

சாவியை உள்ளே நுழைத்ததும் ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து ‘ஸ்ஜ்ஜிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். இத்தனை வருஷம் ஓட்டியும் அப்படி ஒரு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. போன டிசம்பரில் ஒரு காலை அது வராமல் போனபோதுதான் தெரிந்தது. ரிமோட்டில் கதவு திறக்கிறது, உள்விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆனால் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. வண்டி 2011 மாடல் ஜெர்மன் செடான், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம், இந்தக் கோளாறு ஒரு கம்பெனியோடு நிற்கிற விஷயமும் இல்லை.

பேட்டரிதான் என்று நினைத்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.5 வோல்ட், நன்றாகத்தான் இருந்தது. (முதலில் இதைப் பாருங்கள். பேட்டரி இறங்கினாலும் இதே மாதிரி நாடகம் நடக்கும், வீணாக வண்டியைக் கழற்றி வைத்துவிடாதீர்கள்.) சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டால், அறிகுறியைக் கேட்டதுமே “எலக்ட்ரானிக் ஸ்டீயரிங் லாக் போயிருக்கும் சார், முழுசா மாத்தணும்” என்றார்கள். பார்ட் வெளியிலிருந்து வர வேண்டும், வந்த பிறகு இந்த வண்டிக்கும் இந்தச் சாவிக்கும் கோடிங் போட வேண்டும், எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சத்தை ஒட்டி வரும். வண்டியை டோ பண்ணிக் கொண்டுவாருங்கள் என்று வேறு. சென்னை வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மெண்டின் பேஸ்மெண்டுக்குள் டோ வண்டி தலையைக்கூட நுழைக்காது, ஸ்டீயரிங்கோ பூட்டிக் கிடக்கிறது, தள்ளினால் தூணில்தான் போய் முட்டும்.

வேடிக்கை என்னவென்றால், அன்று மதியம் சும்மா இறங்கிப் போய்ச் சாவி போட்டேன், ‘ஸ்ஜ்ஜிக்’, ஸ்டார்ட் ஆகிவிட்டது. சரி, தானாகச் சரியாகிவிட்டது என்று எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இந்த விஷயத்தில் கிடையாது. மறுநாள் காலை மறுபடியும் பிணம்.

அப்புறம்தான் பழைய வண்டி பார்ட்ஸ் விற்கிற புதுப்பேட்டை ஞாபகம் வந்தது, பழைய லாக் ஒன்று கிடைத்தால் மாட்டிவிடலாம் என்று போனேன். கடைக்காரர் பாய் சிரித்துவிட்டார். லாக் கிடைக்கும், ஆனால் அது வேறொரு வண்டியோடு ஜோடி சேர்ந்தது, உங்கள் வண்டி அதைச் சீண்டாது என்றார். ஆனால் அவர் இலவசமாகக் கொடுத்த ஒரு வார்த்தைதான் எனக்கு லட்ச ரூபாயை மிச்சம் பண்ணியது: “அடுத்த தடவ ஸ்டார்ட் ஆச்சுன்னா சாவிய வெளிய எடுக்காதீங்க சார். அப்படியே வெச்சிட்டு வேலைய ஆரம்பிங்க.”

இதற்குள் என்னதான் நடக்கிறது? சாவியை அடையாளம் கண்டதும் வண்டி, லாக்குக்கு மின்சாரம் கொடுக்கும். உள்ளே கட்டை விரல் அளவு ஒரு மோட்டார் சுற்றி, கியர் வழியாக, ஸ்டீயரிங் காலத்தின் (column, சக்கரத்திலிருந்து கீழே போகிற தண்டு) பள்ளத்தில் செருகியிருக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும். இழுத்தாயிற்று என்று ஒரு குட்டி சுவிட்ச் சொன்ன பிறகுதான் இக்னிஷன் வரும். சாவியை வெளியே எடுத்தால் அதே மோட்டார் மறுபடியும் பூட்டிவிடும். அந்த ஒரு பதில் வராவிட்டால் எஞ்சினும் கியர்பாக்ஸும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டி ஒரு அலமாரி. நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை ஸ்டார்ட் செய்கிறேன் என்று வைத்தால், திறக்க ஒன்று பூட்ட ஒன்று என்று பன்னிரண்டு சுற்று. பன்னிரண்டு வருஷத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அந்த மோட்டாரின் பிரஷ் (உள்ளே உரசி மின்சாரம் கொடுக்கும் துண்டு) தேய்ந்து, கரித்தூள் செப்புத் துண்டுகளின் இடுக்கில் அடைத்து, குறிப்பிட்ட ஓர் இடத்தில் வந்து நின்றால் மின்சாரம் பாய்வதில்லை. குளிரில் கிரீஸும் இறுகும். காலையில் செத்து மதியம் பிழைத்ததற்குக் காரணம் இதுதான், பேய் பிசாசு இல்லை.

அப்பாவின் மாருதி 800-இல் இந்தப் பிரச்சினையே இல்லை. சாவி சிக்கினால் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே திருப்பு என்பார், திறந்துகொள்ளும். ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல் வண்டிகளில் சாவித் துவாரத்தை டேஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் காலத்துக்குக் கொண்டுவந்து, சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டும்படி செய்த காலத்திலிருந்து இந்த வேலையை நம் மணிக்கட்டுதான் செய்துகொண்டிருந்தது. அதை ஒரு பொம்மை மோட்டாரிடம் ஏன் ஒப்படைத்தார்கள் என்று அந்த வாரம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அப்பாவின் ஆட்டல் வைத்தியம் இங்கேயும் கொஞ்சம் உதவும். முன்சக்கரம் திரும்பி எதிலாவது முட்டி நின்றால் போல்ட்டின் மேல் பக்கவாட்டு அழுத்தம் ஏறும், நோஞ்சான் மோட்டாரால் இழுக்க முடியாது. ஸ்டீயரிங்கை லேசாகத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு சாவி போடுங்கள்.

இனி வாங்கிய பொருள்களுக்கு வருகிறேன். பதற்றத்தில் முதலில் ஆர்டர் செய்தது எமுலேட்டர் என்ற கறுப்புப் பெட்டி, 4,600 ரூபாய். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. லாக்கைக் கழற்றிவிட்டு அதன் கனெக்டரில் இதைச் செருகினால், “பூட்டுத் திறந்தாயிற்று” என்று வண்டியிடம் எப்போதும் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். இதில் அழகு, உள்ளே ஒரு குட்டி ஸ்பீக்கர் வைத்து, அந்த ‘ஸ்ஜ்ஜிக்’ சத்தத்தையும் போலியாக எழுப்புகிறது! செருகினால் போதும் ஓடும் என்று விற்றவர் எழுதியிருந்தார். செருகினேன், ஸ்பீக்கர்கூட வாய் திறக்கவில்லை. கேட்டால், சில வண்டிகளுக்கு ப்ரோகிராமிங் தேவைப்படலாம் என்கிறார். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். டூப்ளிகேட் சாவி போடுகிற கடை ஒன்றில் விசாரித்தால் ப்ரோகிராமிங்குக்கு மட்டும் 12,000 கேட்டார்கள்.

அது வேலை செய்திருந்தாலும் எனக்கு முழு மனது இல்லை. அதை மாட்டினால் ஸ்டீயரிங் இனி எப்போதும் பூட்டாது. சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாது என்பது உண்மைதான், ஆனால் திருட்டுக்கு எதிரான ஒரு தடையை நானே எடுத்துவிட்டு, நாளைக்கு இன்சூரன்ஸ்காரர் கேட்டால் என்ன சொல்வது? லாக் மொத்தமாகச் செத்து, அதன் சர்க்யூட் போர்டும் எரிந்துபோனவர்களுக்கு வேறு வழியில்லை, அவர்கள் வாங்கலாம். வண்டியை விற்கும்போது வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டில் ஒன்று போலிச் சத்தத்துக்காக.

மோட்டார் கதை வேறு. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே உடல் அளவில் ஒன்று 60 ரூபாய்க்குக் கிடைத்தது, கதவு லாக்குகளில் வருகிற ரகம். ஆசையாக வாங்கிவந்து பார்த்தால் ஷாஃப்ட் சில மில்லிமீட்டர் குட்டை, கியர் எட்டாது. உடலை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று 60 ரூபாயில் பாடம். பிறகு ஷாஃப்ட் நீளம், தடிமன், வோல்ட் மூன்றையும் பார்த்து ஆன்லைனில் எடுத்தேன். ஒரு பாக்கெட்டில் இரண்டு மோட்டார், கூரியரோடு 380 ரூபாய். ஒரு துண்டுச் சீட்டுகூட உள்ளே இல்லை, எந்த முனை பிளஸ் என்று குறியும் இல்லை. இரண்டில் ஒன்றைக் கையால் சுற்றினால் சொரசொரவென்றிருந்தது, அதை ஒதுக்கிவிட்டேன். மற்றது வெண்ணெய்.

வேலை நாள் ஞாயிற்றுக்கிழமை. ஹேர் டிரையரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி, ஸ்டீயரிங் காலத்துக்கு அடியில் பத்து நிமிஷம் சூடு காட்டினேன் (வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டுதான்). பிறகு மச்சான் சாவியைப் போட, நான் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் லாக்கின் மேல் டக் டக் என்று தட்ட, மூன்றாவது தடவை ‘ஸ்ஜ்ஜிக்’. தட்டுவதால் மோட்டார் அந்தச் செத்த இடத்திலிருந்து நகர்ந்துவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் ஐம்பது தடவை சாவி போட்டுப் பார்க்காதீர்கள். சில வண்டிகளில் பல முயற்சி தோற்றதும் லாக்கின் போர்டு ‘நான் பழுது’ என்று நினைவில் எழுதிக்கொள்ளும், அதற்குப் பிறகு புது மோட்டார் போட்டாலும் திறக்காது, அந்தக் குறிப்பை அழிக்கத் தனிக் கருவி வைத்திருப்பவரிடம் போக வேண்டும்.

திறந்ததும் சாவியைத் தொடவில்லை. “இனி எவனும் இந்தச் சாவி பக்கம் கை கொண்டுவரக் கூடாது” என்று மச்சானிடம் சத்தியம் வாங்கினேன். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தோம். பக்கத்திலேயே ஏர்பேக் இருக்கிறது, கால் மணி நேரமாவது விடுங்கள், இதில் அவசரம் வேண்டாம். லாக்கைப் பிடித்திருக்கும் போல்ட், பூட்டிய நிலையில் கழற்ற முடியாதபடி அமைத்திருக்கிறார்கள், திருடனுக்காக. அதனால்தான் ‘திறந்த நிலையில் ஆரம்பி’ என்பது இவ்வளவு முக்கியம். லாக் பூட்டிய நிலையில் செத்துப்போனவர்கள் ஸ்டீயரிங் காலத்தையே அறுக்க வேண்டியிருக்கும். கால் இரண்டும் சீட்டின் தலைப்பக்கம், தலை பிரேக் பெடலுக்குக் கீழ், வாயில் டார்ச் என்று முக்கால் மணி நேரம் கிடந்தேன். ஒரே ஒரு கனெக்டர், ஒரே ஒரு போல்ட், அதற்குத்தான் அவ்வளவு யோகாசனம்.

லாக்கின் மூடியை ஸ்க்ரூ போட்டு மூடவில்லை, உலோகப் பின் (pin) அடித்து மூடியிருக்கிறார்கள். 3 மில்லிமீட்டர் பிட் வைத்து ட்ரில் செய்துதான் எடுக்க வேண்டும். உலோகத் துகள் உள்ளே விழுந்தால் போர்டு காலி, அதனால் துளைகளைச் சுற்றி டேப் ஒட்டி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ட்ரில் செய்தோம். மூடி வந்ததும் உள்ளே பார்த்தால், இவ்வளவுதானா என்று இருந்தது. கறுப்பு கிரீஸ், இரண்டு மூன்று கியர், போர்டு, மூலையில் அந்த மோட்டார். மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் வைத்துக்கொண்டு ஷாஃப்ட்டை விரலால் மெல்லச் சுற்றினேன். எண் தாவிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் மொத்தமாகத் தொடர்பு அறுந்தது. ஒன்றே கால் லட்சத்தின் காரணத்தை மீட்டரில் பார்த்துவிட்டேன்.

பழைய மோட்டாரின் எந்த முனையில் எந்த வயர் என்பதை மகளின் நெயில் பாலிஷால் பொட்டு வைத்துக்கொண்டேன். புதியதில் குறி இல்லாததால், 9 வோல்ட் பேட்டரியை இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்து, ஒரே திசையில் சுற்றுகிற முனைக்கு அதே பொட்டு. இது மாறினால் திறப்பதற்குப் பதில் பூட்டும். ஷாஃப்ட்டில் இறுக்கிப் பொருத்தியிருந்த குட்டி கியரைக் கழற்றிப் புதியதில் அதே ஆழத்துக்கு ஏற்றுவதுதான் நடுக்கமான வேலை, சுத்தியலால் அடிக்காதீர்கள், வைஸில் மெல்ல அழுத்துங்கள். சால்டரிங் ஐந்து நிமிஷம். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சமே கொஞ்சம்.

வண்டியில் மாட்டும் முன்னால் கனெக்டரில் மட்டும் செருகி, லாக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பேட்டரியை இணைத்து, சாவியை எடுத்துப் போட்டு இருபது தடவை சோதித்தோம். போல்ட் பாம்பின் நாக்கு மாதிரி வெளியே வந்து உள்ளே போகிறது, மச்சானுக்கு அதைப் பார்த்துச் சிரிப்புத் தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் மூடியைச் சின்ன ஸ்க்ரூ போட்டு மூடி, வண்டியில் ஏற்றினேன்.

ஏழு மாதம் ஆகிறது. மே மாத வெயிலில் ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க வெந்தும் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. சத்தம் மட்டும் முன்னைவிடக் கீச்சென்று வருகிறது. மோட்டாருக்கு ஐந்துக்கு நான்கு, குறைத்த ஒன்று அந்தச் சொரசொரப்புக்கும் குறி போடாததற்கும். சால்டரிங் இரும்பைப் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள், அல்லது திறந்த நிலைக்கு ஒரு தடவைகூட வராத லாக் உள்ளவர்கள், தயவுசெய்து இறங்க வேண்டாம். மற்றவர்கள், சத்தம் இழுத்துக்கொண்டு வர ஆரம்பித்த அன்றைக்கே மோட்டாரை ஆர்டர் செய்துவிடுங்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் வரை காத்திருக்காதீர்கள்.

சொரசொர மோட்டாரைத் தூக்கிப் போட மனசில்லாமல் டிராயரில் வைத்திருக்கிறேன். மச்சானும் அதே வண்டியில் 2012 மாடல் வைத்திருக்கிறான். இப்போதெல்லாம் சாவி போட்டதும் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் சீட் பெல்ட் போடுகிறானாம்.