ஆக்சஸில் விசையை முடக்க: ஆட்டோகீஸா, கீடவுனா?

பெங்களூரு அல்சூரில் நாங்கள் நடத்தும் தமிழ் நூலகத்தின் உறுப்பினர் பட்டியல் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கிறது. அதில் கன்ட்ரோலோடு ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டினால், முந்தைய பதிவில் அதே புலத்தில் உள்ளது இங்கே வந்து உட்கார்ந்துவிடும். அடுத்த பதிவுக்கு நகர்ந்தாலே ஆக்சஸ் கேட்காமல் சேமித்துவிடும். அப்படி ஒருவரின் முகவரி இன்னொருவருக்குப் போய், பழையது அழிந்தே போனது. மனசு கேட்கவில்லை.

இந்த விசையை முடக்க இரண்டு வழிகளைப் பார்த்தேன். ஆட்டோகீஸ் என்ற பெயரில் மேக்ரோ (எந்த விசைக்கு என்ன நடக்க வேண்டும் என்ற கட்டளைப் பட்டியல்) எழுதுவது சுலபம். நிரல் தெரிய வேண்டாம், கோப்பு முழுவதுக்கும் செல்லும். ஆனால் கன்ட்ரோலோடு எழுத்து, எண், அப்புறம் எஃப் விசைகள், இன்சர்ட், டெலீட் ஆகியவற்றைத்தான் அது ஏற்கும். மேற்கோள் குறி அதில் அடங்காது. ஒட்டுவதற்கான கன்ட்ரோல் வி-யை அங்கே முடக்கினாலோ, எந்தப் படிவத்திலும் (பதிவுகளை நிரப்பும் திரை) அந்த விசையால் ஒட்ட முடியாது.

படிவத்தின் கீடவுன் நிகழ்வில், அதாவது விசையை அழுத்தியதும் ஓடும் நிரலில், அந்தச் சிக்கல் இல்லை. விசைகளைப் படிவமே முதலில் பார்க்கச் செய்யும் கீ பிரிவியூவை இயக்கி, கன்ட்ரோலோடு 222 வந்தால், அழுத்திய விசையின் எண்ணான கீகோடை 0 ஆக்கினால் போதும். அமெரிக்க விசைப்பலகை அமைப்பில் மேற்கோள் குறிக்கு அதுதான் எண். ஒவ்வொரு படிவத்திலும் எழுத வேண்டும், சரி. இருந்தும் இதையே எடுத்தேன். அட்டவணையை நேரடியாகத் திறந்தால் இந்தத் தடை செல்லாது. ஆகவே பதிவு செய்கிறவர்களுக்குப் படிவம் மட்டுமே தெரியும்படி வைத்துவிட்டேன்.