பெரியப்பாவின் டபிள்யூபிஎஸ் கோப்புகளும் லிப்ரே ஆஃபீஸும்: ஆறு வருஷ அனுபவம்

சிந்துபூந்துறைப் பெரியப்பாதான் எங்கள் சாஸ்தா கோயில் வரிக்கணக்கை எழுதிவந்தவர். பங்குனி உத்திரத்துக்கு ஒரு மாதம் முன்பே எத்தனை தலைக்கட்டு, யார் வீட்டு வரி எவ்வளவு, யார் பாக்கி என்று பட்டியல் வந்துவிடும். ரொம்ப நாள் நோட்டில் எழுதினார். 1999-இல் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்ததும் அதற்கு மாறினார். 2019-இல் அது படுத்துவிட்டது. என் கைக்கு வந்தது ஒரு சிடி, அதில் 43 கோப்புகள், எல்லாவற்றின் பெயருக்கும் கடைசியில் டபிள்யூபிஎஸ் என்று வால்.

"எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்குடே, தொறந்து பாரு" என்றார்.

வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் கொடுத்தேன். "ஃபைல் கெட்டுப்போச்சு அண்ணாச்சி" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். கெடவில்லை. அது மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ் கோப்பு. வேர்ட் வாங்க வசதியில்லாத வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அந்தக் காலத்தில் வொர்க்ஸ்தான் இருக்கும். குழப்பம் என்னவென்றால், இப்போது பலர் ஃபோனில் வைத்திருக்கும் டபிள்யூபிஎஸ் ஆஃபீஸுக்கும் அதே வால்தான். பெயர் ஒன்று, ஆள் வேறு. வாலை வேர்டுக்குரிய டிஓசி என்று மாற்றிப் பார்த்தாலும் பிரயோஜனமில்லை. உள்ளே இருப்பது மாறாதே.

வேர்ட் மாதிரியே எழுத உதவும் லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர், வாலை மட்டும் நம்பாமல் உள்ளடக்கத்தையும் பார்த்து வகையைக் கண்டுபிடிக்கிறது. வொர்க்ஸ், வேர்ட்பெர்ஃபெக்ட், லோட்டஸ் வேர்ட் ப்ரோ என்று பழைய வகைகள் பலவற்றைப் படிக்கும். காசும் கிடையாது. 43-இல் 41 கோப்பு முதல் நாளே திறந்தது. திறந்தது என்றால், திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கோப்பு ஒரு பூட்டு, எழுத்துரு இன்னொரு பூட்டு. பெரியப்பா தட்டியது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக இருந்தால் அது 'அம்மா'. பாமினியை நிறுவியதும் திரையில் தமிழ் வந்துவிட்டது. ஆனால் அது கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். 'கொடை' (எங்கள் ஊரில் கோயில் விழாவுக்கு அப்படித்தான் பெயர்) என்று தேடினால் கிடைக்காது. கம்ப்யூட்டருக்கு அது என், எஃப், எச், ஐ, எல்தான். கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும். இப்போது எல்லா ஃபோனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடில் அவை மெய்க்குப் பின்னால் வரவேண்டும். அதனால் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றி அதைச் செய்துவிடுகிறது.

நான் மொத்தத்தையும் காப்பி செய்து கன்வெர்ட்டரில் போட்டேன். அது என் தப்பு. பெரியப்பா கரண்ட் பில்லையும் இன்சூரன்ஸையும் வேறு எழுத்துருவில், ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். வெறும் எழுத்தாக ஒட்டும்போது எது எந்த எழுத்துரு என்ற தகவல் போய்விடும். கன்வெர்ட்டருக்கு எல்லாமே பாமினிதான். ஈபி என்பது 'நுடீ' ஆனது, எல்ஐசி 'டுஐஊ' ஆனது. அச்செடுத்த தாளைப் பார்த்துப் பெரியம்மை கேட்டாள்: "நுடீ 340 ரூவாயா? யாருடே இந்த நுடீ, எந்தூருக்காரன்?"

இப்போது ரைட்டரிலேயே, தேடி மாற்றும் பெட்டியில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்து, பாமினியில் உள்ளதை மட்டும் பிடித்து மாற்றுகிறேன். நேரம் பிடிக்கிற சோலி. ஆனால் எண்கள் பாமினியிலும் எண்களாகவே இருப்பதால் தொகை எதுவும் பிசகவில்லை. வரிக்கணக்கில் வேறென்ன வேண்டும்?

எழுத்துரு மாறினால் அகலமும் மாறும். டேப் தட்டி வரிசையாக்கிய பட்டியல் அங்கங்கே ஒதுங்கி நிற்கும். அவற்றை அட்டவணையாக மாற்றிவிட்டேன். 41 கோப்பையும் கமாண்ட் லைனில் ஒரே வரிக் கட்டளையில் ஓடிடியாக (ரைட்டரின் சொந்தக் கோப்பு வகை) மாற்ற முடிந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. மூலக் கோப்பில் திரும்ப எழுத ரைட்டரால் ஆகாது. அதைக் குறை என்பார்கள். எனக்கு நிம்மதி, மூலம் தொடாமல் கிடக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி சிந்துபூந்துறை வீட்டுக்குள் வந்தது. நோட்டெல்லாம் கூழாகிவிட்டது. 99-க்கு முந்தின கணக்கு அதோடு போயிற்று. சிடியும் எங்கே போனதோ. நான் மாற்றி வைத்தவைதான் இப்போது கோயில் கணக்கு. போன கொடைக்கு 2004 பாக்கி பற்றித் தகராறு வந்தபோது ஃபோனிலேயே தேடி எடுத்துக் காட்டினேன். அதன் பிறகு தகராறு செய்தவர் என்னோடு பேசுவதில்லை.

மிச்சம் இரண்டு கோப்பு. பிறகு வந்த ஒரு பதிப்பில் அவையும் திறந்தன, ஆனால் பாமினி இல்லை, எந்தக் கன்வெர்ட்டருக்கும் மசியவில்லை. ஒரு பிடி கிடைத்தது. பெரியப்பா எல்லா வருஷமும் தலைப்பை ஒரே மாதிரிதான் எழுதுவார், 'ஸ்ரீ சாஸ்தா துணை' என்று. அதை வைத்து சா, ஸ், தா, து பிடித்தேன். வீட்டுப் பெயர்களும் வருஷா வருஷம் அதேதான் என்பதால், அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துவருகிறேன். இதுவரை ஐம்பது சொச்சம் ஆயிற்று.